தம்பிக்கு இந்தப் படத்தைக் காட்டலாமா?

காரைக்குடியிலிருந்து எழுதுகிறேன். என் தம்பி நாதஸ்வரக் கலைஞன். ஆறு மாதமாக வாத்தியத்தைத் தொடவில்லை. வாயில் வைத்து ஊதும் சீவாளிகள் கோத்த கயிறு ஆணியில் அப்படியே தொங்குகிறது; ஒன்று காய்ந்து வாய் பிளந்துவிட்டது. குருவும் அப்பாதான். கச்சேரியில் எல்லோர் முன்னாலும் திட்டினார். அதற்குப் பிறகு இருவருக்கும் பேச்சில்லை.

அமெரிக்க ராக் பாடகர் புரூஸ் ஸ்பிரிங்ஸ்டீனைப் பற்றி 2025இல் வந்த ‘டெலிவர் மீ ஃப்ரம் நோவேர்’ படம் பார்த்தேன். புகழ் ஏறும் நேரத்தில் மனச்சோர்வு, உள்ளே அப்பாவைப் பற்றிய பழைய பயம். படுக்கையறையில் நான்கு தடக் கேசட் ரெக்கார்டரில் தனியாகப் பாடிப் பதிகிறார். அதுதான் 1982இல் ‘நெப்ராஸ்கா’ என்ற இசைத்தொகுப்பு ஆனது. தம்பி பார்த்தால் தேறுவானா, இன்னும் உடைவானா?

தேவகோட்டை வாசகர்: முதலில் உங்கள் ஐயா பார்க்கட்டும். ஸ்பிரிங்ஸ்டீனின் அப்பாவும் மனநோயோடு போராடியவர்தான். என் ஐயாவும் கடைசிவரை வாய் திறக்காமலே போய்விட்டார். அந்த வலி எனக்கு இன்னும் ஆறவில்லை.

திருப்பத்தூர் சகோதரி: படம் மருந்தாகாது, அண்ணா. ஸ்பிரிங்ஸ்டீனும் கடைசியில் மனநல மருத்துவர் முன் உட்கார்ந்து அழுகிறாரே, அதைப் பாருங்கள். 14416, டெலி மானஸ், அரசின் மனநல உதவி எண். கட்டணமில்லை, தமிழில் பேசலாம். தம்பி தூங்குகிறாரா, சாப்பிடுகிறாரா?

கேட்டவர்: தூக்கமே இல்லை, தங்கச்சி. இன்றே பேசுகிறேன். திருவாவடுதுறையிலிருந்து புதுச் சீவாளி வரவழைக்கட்டுமா என்று கேட்டேன். வேண்டாம் என்று சொல்லவில்லை.