‘அக்யூட்லி இல்’ நோயாளரைத் தமிழில் எப்படிச் சொல்வது?

குழும நண்பர்களுக்கு வணக்கம்.

செவிலியர் பட்டயப் படிப்பு மாணவியருக்கான கையேட்டில் ‘அக்யூட்லி இல் பேஷன்ட்’ (அண்மையில் நோயுற்று, உடல்நிலை விரைவில் மோசமாகக்கூடிய நோயாளர்) என்பதற்கு வந்திருக்கும் ‘தீவிர நோயாளர்’, ‘கடுநோயாளர்’, ‘விரைநோயாளர்’, ‘திடீர்நோயாளர்’ என்ற நான்கு பரிந்துரைகளையும் படித்தேன். ‘தீவிர நோயாளர்’ என்றால் தீவிர சிகிச்சைப் பிரிவில் இருப்பவர் என்றே படிப்பவர் கொள்வார். இந்தப் பாடமோ பெரும்பாலும் அங்கு இன்னும் போகாதவரைப் பற்றியது. ‘கடுநோயாளர்’ என்பதில் உள்ள ‘கடு’வுக்கு விரைவு என்ற பொருளும் உண்டு, இலங்கையில் விரைவு ரயிலைக் கடுகதி என்பார்கள். ஆயினும் சென்னை மாணவிக்குக் ‘கடு’ என்றால் கடுமைதான். பல்லாண்டு மூட்டுவாதம் மிகக் கடுமையாக இருந்தாலும் அது நாள்பட்ட நோயே. நேற்று தொடங்கிய லேசான குடல்வால் அழற்சி அக்யூட். ‘விரைநோயாளர்’ பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. மருத்துவத் தமிழில் விரைப்பை என்பது ஆணின் விதைப்பை என்று தெரிந்தவர்கள் அறுவை வார்டில் அதைச் சிரிக்காமல் படிக்க மாட்டார்கள்.

பலரும் ஆதரித்திருக்கும் ‘திடீர்நோயாளர்’ என்பதைத்தான் நான் உறுதியாக மறுக்கிறேன். வார்டில் ஒருவர் உடல்நிலை திடீரென்று மோசமானது என்று நாம் சொல்வதில் பெரும்பகுதி திடீரென்று நடப்பதில்லை. சில மணி நேரம் முன்பே மூச்சின் எண்ணிக்கை கூடியிருக்கும், சிறுநீர் குறைந்திருக்கும், நோயாளர் காரணமின்றி அமைதியிழந்திருப்பார். மழைக்காலத்தில் நம் ஊர் வார்டுகளை நிரப்பும் டெங்குவையே பாருங்கள். மூன்றாம் நாளுக்கும் ஏழாம் நாளுக்கும் இடையில் காய்ச்சல் இறங்கும்போது உறவினர்கள் நிம்மதி அடைகிறார்கள். ஆனால் இரத்த நாளங்களிலிருந்து பிளாஸ்மா என்ற நீர்ப்பகுதி கசியும் 24 முதல் 48 மணி நேர ஆபத்துக் கட்டம் தொடங்குவதும் அப்போதுதான். அந்நேரத்தில் மேல் இரத்த அழுத்தம் சரியாகவே இருப்பதுபோல் தோன்றும்; மேல் அளவுக்கும் கீழ் அளவுக்கும் உள்ள இடைவெளி குறுகிக்கொண்டே வந்து 20-ஐத் தொட்டால் அது அதிர்ச்சி நிலை, அதாவது உறுப்புகளுக்குப் போதிய இரத்தம் போகாத ‘ஷாக்’. தெர்மாமீட்டரை மட்டும் பார்ப்பவருக்கு இது திடீர். இடைவெளியையும் கைகால் குளிர்ச்சியையும் கவனிக்கும் செவிலியருக்கு அப்படி அல்ல. ‘திடீர்’ என்ற சொல், கண்டுபிடித்திருக்க வேண்டிய பொறுப்பையே அழித்துவிடுகிறது.

இலண்டனில் உள்ள ராயல் காலேஜ் ஆஃப் பிசிஷியன்ஸ் என்ற மருத்துவர் அமைப்பு 2012-இல் வெளியிட்டு 2017-இல் திருத்திய ‘நியூஸ்’ (நேஷனல் எர்லி வார்னிங் ஸ்கோர்) என்ற முன்னெச்சரிக்கை மதிப்பெண் முறையும், உடல்நிலை மோசமாவதற்கு முன்பே அறிகுறிகள் தெரியும் என்ற இந்த எண்ணத்தின் மேல்தான் நிற்கிறது. மூச்சு எண்ணிக்கை, ஆக்சிஜன் செறிவு, மேல் இரத்த அழுத்தம், நாடித்துடிப்பு, நினைவுநிலை, உடல்வெப்பம் ஆகிய ஆறுக்கும் மதிப்பெண் இட்டு, ஆக்சிஜன் கொடுக்கப்பட்டிருந்தால் அதற்கும் சேர்த்துக் கூட்டுகிறார்கள். கூட்டுத்தொகை 5 ஆனால் மருத்துவர் விரைந்து வர வேண்டும். 7 ஆனால் அவசர நிலை. நிமிடத்துக்கு 25 மூச்சோ அதற்கு மேலோ இருந்தால் அதற்கு மட்டுமே 3 மதிப்பெண். ஆனாலும் வார்டு ஏடுகளில் அதிகம் ஊகித்து எழுதப்படுவது இந்த மூச்சு எண்ணிக்கைதான். ஆக்சிஜன் ஏறிக்கொண்டிருக்கும்போது விரலில் மாட்டிய கருவி நல்ல எண்ணையே காட்டக்கூடும். மூச்சை முழு நிமிடம் எண்ணினால்தான் உண்மை தெரியும். மூச்சுவழி, மூச்சு, குருதியோட்டம், நினைவு, பின்பு உடல் முழுவதையும் பார்த்தல் என்ற வரிசையையும் கையேட்டில் தமிழிலேயே தரலாம். முதலில் உயிரைப் பறிக்கக்கூடியதை முதலில் சரிசெய்வது என்பதே அவ்வரிசையின் காரணம்.

ஆகவே உடல்நிலை போகும் திசையைக் காட்டும் சொல் வேண்டும். என் பரிந்துரை: ‘சரிவுறு நோயாளர்’, ‘டிட்டீரியரேஷன்’ என்பதற்கு ‘உடல்நிலைச் சரிவு’. நோய்ப்பெயர்களுக்கு முன் வரும் ‘அக்யூட்’டுக்கு வேறு சொல் தேட வேண்டும் என்பதை ஒப்புக்கொள்கிறேன். இரண்டையும் ஒரே சொல்லால் கட்ட முயன்றதால்தான் இவ்வளவு குழப்பம்.

பெரம்பூர்

---

ஐயா, வணக்கம். செவிலியர் ஆசிரியராக எனக்கு ‘உடல்நிலைச் சரிவு’ முழு உடன்பாடு. ‘சரிவுறு நோயாளர்’ என்பதில் ஒரு தயக்கம். அறுவை முடிந்து இன்று காலை வார்டுக்கு வந்தவர் இன்னும் சரியவில்லை, சரியக்கூடும். மணிக்கொருமுறை அவரைப் பார்ப்பதும் இதே பாடத்தில்தான் வருகிறது. மேலும், கட்டிலில் தொங்கும் ஏட்டில் ‘சரிவுறு’ என்று கண்டால் உறவினர் பதறிப்போவார்கள். ‘கூர்நோக்கு நோயாளர்’ என்று சொல்லலாமா?

---

அம்மா, ‘கூர்நோக்கு’ என்றதும் சென்னைக்காரர்களுக்குக் குற்றம் சாட்டப்பட்ட சிறார்களை வைக்கும் கெல்லீஸ் கூர்நோக்கு இல்லம்தான் நினைவுக்கு வரும். நோயாளரை அங்கு அனுப்ப வேண்டாம். உங்கள் முதல் மறுப்பை ஏற்கிறேன். ‘சரிவு வாய்ப்புள்ள நோயாளர்’ என்பது நீளம்தான், ஆனால் இரு வகையினரையும் உள்ளடக்குகிறது. கட்டில் ஏட்டில் எந்தப் பெயரும் வேண்டாம். மதிப்பெண்ணும் அடுத்து எப்போது பார்க்க வேண்டும் என்பதும் இருந்தால் போதும். இனி, பணி மருத்துவர் வராதபோது அவருக்கு மேலுள்ளவரைச் செவிலியர் அழைக்கும் ‘எஸ்கலேஷன்’. ‘மேல்முறையீடு’ என்று எவரும் எழுதிவிடாதீர்கள், அது நீதிமன்றத்துக்குரியது. ‘மேலழைப்பு’ எப்படி இருக்கிறது?