மயான காண்டம், தர்க்கம், கர்ண மோட்சம்: விடியவிடிய நடக்கும் நாடகத்திலும் கூத்திலும் மனத்தை விட்டு நீங்காத ஒரு கணம்

விடியும்வரை:
அரிச்சந்திரா மயான காண்டத்தில் சந்திரமதி பிள்ளையைத் தூக்கிக்கொண்டு சுடுகாட்டுக்கு வரும் கட்டம் எல்லோருக்கும் தெரியும் என்பதால் கதைக்குள் போகவில்லை. மேலூர்ப் பக்கம் எங்கள் ஊர்த் திருவிழாவில், அதிகாலை மூன்றரை மணி இருக்கும், லோகிதாசனாகப் படுத்திருந்த சிறுவன் தன் கணுக்காலைச் சொறிந்துகொண்டான். பாம்பு தீண்டி இறந்த பிள்ளை, ஐந்நூறு பேர் பார்க்க, சாவகாசமாகச் சொறிந்துகொள்கிறான்! சந்திரமதியாக நடித்த அம்மையார் விருத்தத்தை நிறுத்தவில்லை; பாடிக்கொண்டே முந்தானையை இழுத்து அவன் காலை மூடி, அந்தக் காலையே மார்போடு அணைத்து அடுத்த அடிக்குப் போனார். ஒருவர்கூடச் சிரிக்கவில்லை. எனக்கு முன்னால் இருந்த பெரியவர் அப்போதுதான் துண்டால் கண்ணைத் துடைத்தார். தாளம் தப்பாமல் அந்த அம்மையார் அதை எப்படிச் செய்தார் என்பது பத்து ஆண்டுகளாக எனக்கு விளங்கவில்லை.

ஹார்மோனியக்காரர் மகள்:
தாளம் தப்புவதற்கு அங்கே தாளமே இல்லை ஐயா. விருத்தத்துக்குத் தாளக்கட்டு கிடையாது. ஒரு சொல்லை எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் இழுக்கலாம், ஹார்மோனியம் பின்னாலேயே வரும். அந்த அம்மையாரின் சமயோசிதத்தை நான் குறைத்துச் சொல்லவில்லை. ஆனால் உண்மையான சோதனை வள்ளி திருமணத்தில் வரும் நாரதர்–வள்ளி தர்க்கத்தில்தான் இருக்கிறது. ஸ்பெஷல் நாடகத்தில் ராஜபார்ட் என்னும் முதன்மை ஆண் வேடக்காரரும் ஸ்திரீபார்ட் என்னும் முதன்மைப் பெண் வேடக்காரரும் தனித்தனியாகப் பேசி அமர்த்தப்படுகிறவர்கள், ஒத்திகை கிடையாது, சில வேளைகளில் அன்று மாலை ஒப்பனைக் கொட்டகையில்தான் ஒருவரை ஒருவர் முதன்முதலாகப் பார்ப்பார்கள். நாடகாசிரியர் சங்கரதாஸ் சுவாமிகளின் பாட்டு இருவருக்கும் மனப்பாடம், அதற்கு இடையில் வரும் வாதம் அவரவர் சாமர்த்தியம்.

ஒரு முறை வள்ளிக்குத் தொண்டை கட்டிவிட்டது. ஐந்து கட்டைச் சுருதியில் பாடிக்கொண்டிருந்தவருக்காக, வசனத்துக்கு நடுவே அப்பா ஓசைப்படாமல் அரைக் கட்டை இறக்கிவிட்டார். நாரதருக்கு அது தெரிந்துவிட்டது. உடனே ஒலிபெருக்கியில், "என்ன வள்ளி, தினைப்புனத்தில் கத்திக் கத்தித் தொண்டை போய்விட்டதோ?" என்று கேட்டார். கூட்டம் சிரித்தது. வள்ளி ஒரு வாய் சோடா குடித்துவிட்டு, "ஆலோலம் பாடியது கிளியை ஓட்ட, சுவாமி. நாரதரை ஓட்டவும் கொஞ்சம் மிச்சம் வைத்திருக்கிறேன்" என்றார். கைதட்டல் அடங்க வெகுநேரம் ஆயிற்று, அதற்குள் அவருக்குக் குரலும் திரும்பிவிட்டது. நாரதர் அவருக்கு மூச்சுவிட நேரம் கொடுக்கத்தான் அப்படிக் கேட்டார் என்பது அப்பாவின் கட்சி. அந்த அம்மாளின் முகத்தைப் பக்கவாட்டிலிருந்து பார்த்துக்கொண்டிருந்த எனக்கு அப்படித் தோன்றவில்லை.

செய்யாற்றங்கரை:
மேடையும் ஹார்மோனியமும் இருந்தால்தான் நாடகம் என்பதுபோல இருவரும் பேசுகிறீர்கள். மயான காண்டத்தில் சுடுகாடு காக்கும் அரிச்சந்திரன் கால்பணமும் முழத்துண்டும் வாய்க்கரிசியும் கேட்கும்போது யார்தான் அழமாட்டார்கள்? அழவைப்பதற்கென்றே கட்டப்பட்ட இடம் அது. எங்கள் வடபகுதித் தெருக்கூத்தில், இறந்தவரின் காரியத்தன்று இரவு ஆடப்படும் கர்ண மோட்சத்தைப் பார்த்துவிட்டுப் பேசுங்கள். என் தாத்தாவின் காரியத்துக்கு எங்கள் வீட்டு வாசலில் ஆடினார்கள். கர்ணன் தன் மனைவி பொன்னுருவியிடம் விடைபெறும் இடத்தில் முகவீணை என்னும் ஊதுகுழல் போட்ட போடு இருக்கிறதே, அதை எழுதிக் காட்ட முடியாது. விடியும் நேரத்தில் கர்ணன் விழுந்தான். தாத்தா இறந்ததிலிருந்து யாரோடும் பேசாதிருந்த பாட்டி, திண்ணையிலிருந்து என்னைக் கூப்பிட்டு, "அந்தப் பிள்ளையின் கிரீடத்தைக் கழற்றச் சொல்லு, ராத்திரி முழுக்கச் சுமந்திருக்கான், தலை வலிக்கும்" என்றாள்.

கீரிமலையாள்:
மயான காண்டத்தை இவ்வளவு இலேசாகத் தள்ளிவிடாதீர்கள். யாழ்ப்பாணத்தில் அந்த நாடகம் என்றால் நடிகமணி வி. வி. வைரமுத்துதான். எனக்கு ஏழு வயது இருக்கும். கோயில் வீதி மணலில் பாய் விரித்து, முதல் காட்சி தொடங்கும் முன்பே நித்திரையாகிவிட்டேன். அப்பா என் தோளைத் தட்டி, "எழும்பு பிள்ளை, சுடலைக் காட்சி வருகுது" என்றார். விழித்துப் பார்த்தபோது தோளில் தடியோடு நின்ற அந்த மனிதர் உரத்துப் பாடிக்கொண்டிருந்தார். நான் அப்பாவின் சால்வைக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டேன். முழுவதையும் பார்க்காமல் போனேனே என்று இன்றும் என்னையே திட்டிக்கொள்கிறேன். பாட்டு மட்டும் அன்று கேட்டபடியே காதில் இருக்கிறது.

ஜமக்காளம்:
புதிதாக நாடகம் பார்க்கப் போகிறவர்களுக்குச் சில சொல்ல விரும்புகிறேன். ஒலிபெருக்கிப் பெட்டிக்கு நேராக ஒருபோதும் உட்காராதீர்கள். மேடையின் வலமோ இடமோ, ஹார்மோனியக்காரரின் கை தெரியும் இடமாகப் பார்த்துக்கொள்ளுங்கள். பத்து மணி என்று நோட்டீசில் போட்டிருந்தால் பதினொன்றுக்குப் போனால் போதும் என்று நினைப்பது தவறு. முதலில் வரும் பபூன் பாட்டையும் டான்ஸையும் தவறவிட்டவருக்குப் பின்னால் வரும் பாதிச் சிலேடைகள் புரியாது. மாலையிலேயே ஒரு மணி நேரம் தூங்கி எழுங்கள். பின்னிரவில் பனி இறங்கும், காதுக்குத் துண்டு வேண்டும். சுக்குக் காப்பிக் கடைக்கு எழுந்து போவதாக இருந்தால் தர்க்கம் தொடங்கும் முன்பே போய் வந்துவிடுங்கள், நடுவில் எழுந்தால் நாரதர் உங்களையும் வாதத்துக்குள் இழுத்துவிடுவார். அன்பளிப்புக் கொடுப்பவர்கள் பாட்டு முடியும்வரை பொறுத்திருக்க வேண்டும். ஐம்பது ரூபாய்க்காகத் தன் பெயரை நடுப்பாட்டில் அறிவிக்கச் சொல்கிறவரை நான் மன்னிப்பதில்லை. கைப்பேசியின் விளக்கைப் போட்டுப் படம் எடுப்பவர்களைப் பற்றிச் சொல்லத் தொடங்கினால் விடிந்துவிடும்.

என் அனுபவமும் இப்படி எழுந்து போனதில் வந்ததுதான். பவளக்கொடி நாடகத்தில் அர்ச்சுனன் முதன்முதலாக நுழையும் நேரத்தில் காப்பிக்குப் போனேன். திரும்பி வந்தபோது என் ஜமக்காளத்தில் ஒரு குடும்பமே உட்கார்ந்திருந்தது. அர்ச்சுனன் என்ன பாடி வந்தான் என்று அவர்களிடம்தான் கேட்டேன். "நல்லாப் பாடினாரு" என்றார்கள்.

செய்யாற்றங்கரை ஐயாவுக்கு ஒன்று: அழவைப்பதற்கென்றே கட்டப்பட்ட இடம் என்றால், பொன்னுருவி விடைகொடுக்கும் இடம் எதற்காகக் கட்டப்பட்டதாம்?

செய்யாற்றங்கரை:
அது வேறு. பொன்னுருவி கர்ணனின் பிறப்பை இகழ்ந்தவள். அவள் மனம் மாறி அழும்போது அவன் போருக்குப் புறப்பட்டாயிற்று. சந்திரமதி தொடக்கம் முதல் முடிவுவரை குற்றமற்றவள். அவளுக்காக அழுவதற்குப் பார்ப்பவன் எந்தச் சிரமமும் படவேண்டியதில்லை.

ஹார்மோனியக்காரர் மகள்:
அப்படியானால், பிள்ளை காலைச் சொறியும்போதும் அழவைத்த அந்த அம்மையார் சிரமப்படவில்லை என்கிறீர்களா?

விடியும்வரை:
நேற்று ஊருக்குப் போயிருந்தேன். லோகிதாசனாகப் படுத்திருந்தவன் எங்கள் தெருப் பையன்தான், இப்போது லாரி ஓட்டுகிறான். அந்தக் கணத்தைப் பற்றிக் கேட்டேன். அவனுக்கு எதுவும் நினைவில்லை. மேடையில் படுக்க வைத்ததும் தூங்கிவிட்டதாகவும், விழித்தபோது அந்த அம்மாவின் மடியில் இருந்ததாகவும், அவர் தன் பங்கு முட்டை போண்டாவைத் தனக்குக் கொடுத்ததாகவும் மட்டும் சொன்னான்.