சித்தி போட்டோவில் 1964 புயலை ஒட்டிவிட்டார்கள், என்ன செய்யலாம்?

சின்னப்பாலத்தான்:
எங்கள் சித்தி பாம்பன் பக்கம் கடலில் முங்கிக் கடல்பாசி எடுக்கப் போகிறவர். போன மாசியில் வெளியூர்க்காரர் ஒருவர் பெரிய கேமராவோடு வந்து, கேட்டுவிட்டுத்தான் படம் எடுத்தார், சித்தியும் சரி என்று நின்றார். இப்போது அந்தப் படம் கறுப்பு வெள்ளையில் வாட்ஸ்அப் முழுக்கச் சுற்றுகிறது. கீழே, ‘தனுஷ்கோடியின் கடைசிப் பெண், புயலில் அனைத்தையும் இழந்தவர்’. புயல் அடித்தது 1964 டிசம்பர், சித்தி பிறந்தது 1978! சேலைக்கு மேல் சித்தப்பா சட்டை, விரல்களில் சுற்றிய துணி, நெற்றிக்கு ஏற்றிவிட்ட கண்ணாடி, சிவந்த கண். காலையிலிருந்து முக்குளித்துவிட்டு ஏறினால் யார் கண்தான் சிவக்காது? அதைப் போய் அழுகை என்கிறார்கள். துபாயிலிருந்து மாமா போன் போட்டு ‘என்னடா ஆச்சு’ என்று கேட்கிறார். நான் உண்மையை எழுதினால், உருக்கமான விஷயத்தை ஏன் கெடுக்கிறாய் என்று எனக்கே திட்டு. ஒரு படத்துக்கு ஏன் இவ்வளவு பலம்?

மண்டபம் ஸ்டுடியோ:
முப்பது வருஷமாக ஸ்டுடியோ வைத்திருக்கிறேன் தம்பி. கலரை எடுத்தாலே பாதி சோகம் தானாக வந்துவிடும், மீதி சோகம் ஓரத்தை வெட்டுவதில் வரும். முழுப் படம் கிடைத்தால் பாருங்கள், பக்கத்தில் நாலு பெண்கள் சிரித்துக்கொண்டு நிற்பார்கள், பின்னால் ஒரு டிவிஎஸ் வண்டி நிற்கும். நாங்களும் யோக்கியம் இல்லை. மாநிறப் பெண்ணைச் சிவப்பாக்கி எத்தனை வரன் வீட்டுக்கு அனுப்பியிருக்கிறோம்.

ராம்நாட்டு வாத்தியார்:
இது செல்போன் வந்த பிறகு வந்த வியாதி இல்லை. ராமநாதபுரம் அரண்மனையில் ராமலிங்க விலாசம் போயிருக்கிறீர்களா? 18ஆம் நூற்றாண்டுச் சுவரோவியங்கள். ராஜராஜேஸ்வரி அம்மனே சேதுபதிக்குச் செங்கோலைக் கொடுக்கிற மாதிரி ஒரு காட்சி இருக்கும். ‘எனக்கு இந்த அதிகாரம் எங்கிருந்து வந்தது’ என்று வாயால் சொன்னால் எவனாவது எதிர்க்கேள்வி கேட்பான், சுவரில் வரைந்துவிட்டால் யாரும் கேட்க மாட்டான். அதே சுவர்களில் போர், வெள்ளைக்காரர்களோடு சந்திப்பு, அந்தப்புரம் எல்லாம் உண்டு, எதிலும் ராஜாதான் நடுநாயகம். கூலி கொடுத்தது யார் என்பது படத்திலேயே தெரியும். உங்கள் சித்தி படத்தில் அது தெரியவில்லை, அதுதான் வித்தியாசம்.

கீழக்கரை காக்கா:
வாத்தியார் சொன்னது சரி. ஆனால் படம் எடுத்தவனுக்கே தெரியாமலும் அர்த்தம் ஏறும். 2002 வாக்கில், ராமர் பாலம், ஆதாம் பாலம் என்கிறார்களே, நம்ம மணல்திட்டுகள், அதை விண்ணிலிருந்து எடுத்த நாசா படம் ஒன்று சுற்றியது, ஞாபகம் இருக்கா? 17 லட்சம் வருஷப் பழைய பாலம் என்று கீழே ஒரு வரி. மேலிருந்து எடுத்த படத்தை வைத்து வயதும் சொல்ல முடியாது, மனிதன் கட்டியதா என்றும் சொல்ல முடியாது என்று நாசாவே சொல்லிவிட்டது. யார் காதில் விழுந்தது? நான் ராமரையும் குறை சொல்லவில்லை ஆதாமையும் குறை சொல்லவில்லை, அவரவர் நம்பிக்கை. படம் போன தூரத்துக்கு மறுப்பு போகாது, அவ்வளவுதான். அதனால் எழுதிப் பதில் சொல்லாதீங்க தம்பி, சித்தியையே பேசவைத்து வீடியோ போடுங்க.

கடலோடி:
பெரிசுபடுத்தாதீங்கப்பா. இந்தப் படத்தால்தான் பாசி எடுக்கிறவர்கள் என்று ஒரு கூட்டம் இருப்பதே நாலு பேருக்குத் தெரிந்திருக்கிறது.

முனைக்காரி:
கடலோடி அண்ணே, படத்தில் ‘பாசி’ என்கிற வார்த்தையே இல்லையே, எப்படித் தெரியும்? எனக்குக் கோபம் வேறு. ‘கடைசிப் பெண்’ என்றால் தனுஷ்கோடியில் இருக்கிற நாங்கள் யார்? வாழத் தகுதியற்ற இடம் என்று அரசாங்கம் அப்போதே அறிவித்தது உண்மைதான், அதற்காக யாருமே இல்லாமல் போய்விட்டோமா? 2017-ல் அரிச்சல்முனை வரை ரோடு திறந்ததிலிருந்து தினமும் கூட்டம். இடிந்த சர்ச்சை எல்லாரும் படம் எடுக்கிறார்கள், எங்கள் குடிசையும் காய்கிற கருவாடும் விழாத மாதிரி நகர்ந்து நின்று எடுக்கிறார்கள். ஒரு அக்கா என்னையே ‘கொஞ்சம் தள்ளி நில்லும்மா’ என்றார். ஆளே இல்லாத ஊர் என்று ஊரெல்லாம் பதிந்துபோனால், நாங்கள் தண்ணீரும் கரண்டும் கேட்டுப் போய் நிற்கும்போது எவன் காதில் விழும்?

சின்னப்பாலத்தான்:
முனைக்காரி அக்கா, அந்தக் கோணம் எனக்குத் தோன்றவே இல்லை, மன்னிக்கணும். காக்கா சொன்ன மாதிரி நேற்று வீடியோ எடுக்கப் போனேன். அதற்கு முன் அந்தப் படத்தைச் சித்தியிடம் காட்டி, கீழே எழுதியிருப்பதையும் வாசித்துச் சொன்னேன். புயலைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. போனை வாங்கி, விரலால் படத்தைத் தள்ளித் தள்ளிப் பார்த்துவிட்டுக் கேட்டார்: “காலடியில மூட்டை கிடந்துச்சேடா, அதை எங்க? அன்னைக்குத்தான் மரிக்கொழுந்துப் பாசி நல்லாக் கெடச்சுது.”