மாடி வீட்டு வாடகை நான்கு மாதம் பாக்கி, பாத்ரூம் ஒழுக்கு வேறு. என்ன செய்யலாம்?

மேல்மாடி_மதுரை:
வணக்கம். மதுரையில் எங்களுக்கு இருப்பது ஒரே வீடு. கீழே நானும் கணவரும் மாமியாரும் இருக்கிறோம், மாடிப் போர்ஷனை வாடகைக்கு விட்டிருக்கிறோம். வாடகை 9,000, அட்வான்ஸ் 50,000. மாமியாரின் மருந்துச் செலவு இந்த வாடகையில்தான் ஓடுகிறது.

குடியிருப்பவர்கள் நல்ல மாதிரி. கணவன், மனைவி, பள்ளிக்கூடம் போகும் இரண்டு பிள்ளைகள். முன்பெல்லாம் ஐந்தாம் தேதி தாண்டாமல் கொடுத்துவிடுவார்கள். இப்போது நான்கு மாத வாடகை நிற்கிறது. கேட்டால் "அட்வான்ஸ்ல கழிச்சுக்கோங்கக்கா" என்கிறார். போன வாரம் கொஞ்சம் அழுத்திக் கேட்டதும், "பாத்ரூம் ஒழுகுதுன்னு எத்தனை தடவை சொல்லியாச்சு, அதை முதல்ல சரி பண்ணுங்க" என்று பேச்சைத் திருப்பிவிட்டார். ஒழுகுவது உண்மைதான். எங்கள் சமையலறைக் கூரையில் இறங்குகிறது, அடுப்புக்கு மேலே பூச்சு உப்பிக்கொண்டு நிற்கிறது.

மின் இணைப்புக்குத் தனி மீட்டர், கணவர் பெயரில். இந்த முறை கரண்ட் பில்லும் கட்டவில்லை. ஒப்பந்தம் இருபது ரூபாய் பத்திரத்தில் 11 மாதத்துக்குப் போட்டது. அது முடிந்து ரொம்ப நாளாகிறது. என் தம்பி "பியூஸைப் பிடுங்கு, மோட்டாரைப் போடாதே, தானா காலி பண்ணுவாங்க" என்கிறான். பிள்ளைகள் இருக்கும் வீட்டில் அதைச் செய்ய எனக்கு மனசு வரவில்லை. வேறு வழி உண்டா?

செல்லூர்க்காரன்:
தம்பி சொல்வதில் தப்பில்லை அக்கா. நீங்கள் பாவம் பார்த்தால் அவர்கள் ஆறு மாதம் ஓட்டுவார்கள். தண்ணீரை நிறுத்துங்கள், ஒரே வாரத்தில் வண்டி பிடிப்பார்கள்.

வக்கீல்_ஆபீஸ்_குமாஸ்தா:
தயவுசெய்து அதை மட்டும் செய்யாதீர்கள் அம்மா. தமிழ்நாட்டில் 1960ஆம் ஆண்டு வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம் போய், 2017ஆம் ஆண்டு இயற்றிய புதிய சட்டம் 22.2.2019 முதல் நடப்பில் இருக்கிறது. தண்ணீர், மின்சாரம் போன்ற அத்தியாவசிய வசதிகளை வீட்டுக்காரர் நிறுத்தக் கூடாது என்று அதில் நேரடியாகவே சொல்லியிருக்கிறது. வாடகை பாக்கி இருந்தாலும் கூடாது. குடியிருப்பவர் வாடகை அதிகாரியிடம் மனு கொடுத்தால் உடனே இணைப்பைக் கொடுக்கச் சொல்லி உத்தரவு வரும். அதுவரை வாடகை கொடுக்காதவர் அவர், அதன் பிறகு கைகட்டி நிற்பது நீங்கள்.

கரண்ட் பில்லை இப்போதைக்கு நீங்களே கட்டி, ரசீதை எடுத்து வைத்து, பாக்கிக் கணக்கில் சேருங்கள். இணைப்பு உங்கள் கணவர் பெயரில் இருப்பதால் வாரியம் துண்டித்தாலும் அலைச்சல் உங்களுக்குத்தான்.

அடுத்து ஒப்பந்தம். இந்தச் சட்டப்படி வாடகை ஒப்பந்தம் எழுத்தில் இருக்க வேண்டும், வாடகை அதிகாரியிடம் பதிந்து எண் வாங்க வேண்டும். இதற்கென்று அரசின் இணையதளம் இருக்கிறது. பதியாத ஒப்பந்தம் ஆதாரமாக நிற்காது. இருபது ரூபாய் பத்திரத்தை நம்பி வருகிறவர்கள் எங்கள் ஆபீஸ் வாசலில் அதைக் கேட்டுத்தான் வாடிப்போகிறார்கள். ஆனால் உங்களுக்கு வழி அடைபடவில்லை. எழுத்து ஒப்பந்தம் போட முடியாமல் போவதையே காலி செய்யச் சொல்லும் காரணமாக வாடகை நீதிமன்றத்தில் வைக்கலாம். அது பிரிவு 21இல் முதல் காரணம். இரண்டு மாத வாடகை நின்று, எழுத்தில் கேட்டும் ஒரு மாதத்துக்குள் தரவில்லை என்பது அடுத்த காரணம்.

அதனால் இரண்டு காகிதம் தயார் செய்யுங்கள். ஒன்று, எந்தெந்த மாத வாடகை நிற்கிறது, மொத்தம் எவ்வளவு, எந்தத் தேதிக்குள் தர வேண்டும் என்ற கடிதம். இன்னொன்று, புதிய ஒப்பந்தத்தின் நகல். கையில் கொடுத்துக் கையெழுத்து வாங்குங்கள். வாங்க மறுத்தால் ஒப்புகையோடு தபாலில் அனுப்புங்கள். வாட்ஸ்அப்பிலும் ஒரு பிரதி போகட்டும். ஒப்பந்தத்தில் அவர் கையெழுத்துப் போட்டால் பதிந்துவிடலாம், மறுத்தால் அந்த மறுப்பே உங்களுக்குச் சாட்சி. நீதிமன்றம் போகும் முன் காகிதங்களை ஒரு வழக்கறிஞரிடம் காட்டிவிடுங்கள்.

பிளம்பிங்_தம்பி:
அக்கா, வாடகை விஷயம் எனக்குத் தெரியாது, ஒழுக்கைப் பற்றிச் சொல்கிறேன். எடுத்தவுடன் டைல்ஸைப் பெயர்க்க விடாதீர்கள். எங்கிருந்து வருகிறது என்று முதலில் கண்டுபிடிக்க வேண்டும்.

ராத்திரி மாடியில் யாரும் பாத்ரூமைப் புழங்காதபோதும் கூரை சொட்டிக்கொண்டே இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் சுவருக்குள் ஓடும் தண்ணீர்க் குழாயில் கோளாறு. டேங்கிலிருந்து பாத்ரூமுக்கு வரும் வால்வை அடைத்தால் சொட்டு குறையும், அதில் உறுதியாகிவிடும்.

புழங்கும்போது மட்டும் சொட்டுகிறது என்றால், தண்ணீர் வெளியேறும் நானி டிராப்பின் வாயைத் துணி திணித்து அடைத்துவிட்டு, தரையில் ஒரு அங்குலம் தண்ணீர் கட்டி வையுங்கள். நாலைந்து மணி நேரத்தில் கீழே ஈரம் பரவினால் டைல்ஸ் இடுக்கு வழியாக இறங்குகிறது. இடுக்கில் பூசியிருக்கும் பழைய பாயின்ட்டைச் சுரண்டி எடுத்து, தண்ணீர் இறங்காத எபாக்ஸிப் பூச்சை அடைத்தால் பெரும்பாலும் நின்றுவிடும். கீழே ஈரம் வரவில்லை என்றால் துணியை எடுத்துவிட்டு, ஒரு வாளித் தண்ணீரில் சொட்டு நீலத்தைத் தாராளமாகக் கலந்து டிராப்பில் ஊற்றுங்கள். கூரையில் நீலம் தெரிந்தால் டிராப்பும் பைப்பும் சேரும் ஜாயின்ட் விட்டிருக்கிறது. அந்த இடத்தை மட்டும் உடைத்து மாற்றினால் போதும்.

மேல்மாடி_மதுரை:
ரொம்ப நன்றி தம்பி, நாளைக்கே பார்க்கிறேன். ஒரு சந்தேகம். இந்தச் செலவு யாருடையது? அவர்கள் இத்தனை வருஷம் புழங்கிய பாத்ரூம்தானே?

வக்கீல்_ஆபீஸ்_குமாஸ்தா:
சட்டத்தின் இரண்டாம் அட்டவணையில் பிரித்தே போட்டிருக்கிறது. கட்டடப் பழுது, குழாய் மாற்றுவது, வயரிங், வெள்ளையடிப்பது, கதவு ஜன்னலுக்குப் பெயின்ட் எல்லாம் வீட்டுக்காரர் பொறுப்பு. டேப், வாஷர், சாக்கடை அடைப்பு, ஸ்விட்ச், பிளக், பூட்டு, கண்ணாடி உடைந்தால் மாற்றுவது குடியிருப்பவர் பொறுப்பு. அவர்கள் உடைத்துச் சேதப்படுத்தாத வரை ஜாயின்ட் விட்டதும் டைல்ஸ் இடுக்கும் உங்கள் செலவுதான். சீக்கிரம் செய்துவிடுங்கள். வாடகை கொடுக்காததற்கு அவர் கையில் இருக்கும் ஒரே சாக்கு இந்த ஒழுக்கு.

வாடகைவீட்டு_வாசி:
நான் குடியிருக்கிற பக்கத்திலிருந்து பேசுகிறேன். ஐந்தாம் தேதி தாண்டாமல் கொடுத்தவர் திடீரென்று நிறுத்தினால் வேலையிலோ உடம்பிலோ ஏதோ நடந்திருக்கிறது. பாக்கி சேரச் சேர மாடிப்படி இறங்கவே கூச்சமாக இருக்கும், உங்கள் முகத்தைப் பார்த்தால் கோபமாகத்தான் பேச்சு வரும். எனக்கு அந்த நிலை தெரியும். அவர் இல்லாத நேரத்தில் மனைவியிடம் கேட்காதீர்கள். ஞாயிற்றுக்கிழமை காலையில் அவரையே கூப்பிட்டு, "என்னப்பா பிரச்சினை" என்று உட்கார வைத்துக் கேளுங்கள். மாதத்துக்கு மொத்தமாகத் தர முடியாதவர் வாரத்துக்கு இரண்டாயிரம் தரலாம். கடிதத்தையும் அந்தப் பேச்சுக்குப் பிறகு கொடுங்கள். முதலில் கடிதம் போனால் பேச்சுக்கே இடமில்லாமல் போகும்.

மூன்று_போர்ஷன்_சொந்தக்காரர்:
எல்லாரும் நல்லதாகவே சொல்லியிருக்கிறார்கள். நான் கணக்கை மட்டும் சொல்கிறேன், ஏனென்றால் அட்வான்ஸில் கழிப்பதில்தான் சின்ன வீட்டுக்காரர்கள் மாட்டிக்கொள்கிறார்கள்.

நான்கு மாதத்துக்கு 36,000. அட்வான்ஸில் மிச்சம் 14,000. அதிலும் கரண்ட் பில் இருக்கிறது. இப்போது ஆனி. காலி செய்யச் சொன்னால் "ஆடியில் வீடு மாறக் கூடாது, ஆவணி பிறக்கட்டும்" என்பார்கள். அது நியாயம்தான், ஆடியில் யாரும் பால் காய்ச்ச மாட்டார்கள், வேறு வீடும் அமையாது. ஆனால் அதற்குள் இன்னும் இரண்டு மாதம் ஓடி 54,000 ஆகிவிடும். அட்வான்ஸ் தீர்ந்து, உங்கள் கையை விட்டுப் போக ஆரம்பிக்கும்.

அதனால் "அட்வான்ஸில் கழிச்சுக்கோங்க" என்பதை மறுக்க வேண்டாம், நிபந்தனையோடு ஏற்றுக்கொள்ளுங்கள். பழைய நான்கு மாதம் அட்வான்ஸில் கழியும், இந்த மாதத்திலிருந்து வாடகை கைக்கு வர வேண்டும், ஆவணி முதல் வாரம் இன்ன தேதிக்குக் காலி செய்கிறோம். மூன்றையும் ஒரே தாளில் எழுதி இருவரும் கையெழுத்துப் போடுங்கள். தேதி இல்லாமல் அட்வான்ஸைக் கழிக்கவே கழிக்காதீர்கள். கொஞ்சம் பணம் கொடுத்தாலும் வாங்கிக்கொண்டு, எந்த மாதத்துக்கு என்று எழுதி ரசீது கொடுங்கள். "முழுசாகத் தந்தால்தான் வாங்குவேன்" என்று திருப்பி அனுப்பினால், வீட்டுக்காரர் வாங்க மறுக்கிறார் என்று அவர் வாடகை அதிகாரியிடம் கட்டப் போகலாம்.

மேல்மாடி_மதுரை:
எல்லாருக்கும் நன்றி. நடந்ததைச் சொல்லிவிடுகிறேன்.

சொட்டு நீலம் ஊற்றிய கொஞ்ச நேரத்தில் எங்கள் அடுப்புக்கு மேலே நீலமாக இறங்கியது. ஜாயின்ட்தான். கொத்தனாரும் பிளம்பரும் வந்து அந்த இடத்தை மட்டும் உடைத்து மாற்றினார்கள், செலவை நாங்களே ஏற்றுக்கொண்டோம். வேலை முடிந்த மறுநாள் ஞாயிறு, அவரைக் கூப்பிட்டுப் பேசினோம். அவர் வேலை பார்த்த கடையை மூடிவிட்டார்களாம், வீட்டில் பிள்ளைகளுக்குக்கூடச் சொல்லவில்லையாம். இப்போது வேறு இடத்தில் சேர்ந்திருக்கிறார், சம்பளம் குறைவு. இந்த மாதத்துக்கு 5,000 ஜிபேயில் போட்டார், மீதி இருபதாம் தேதிக்குள் தருவதாகச் சொன்னார். ஆவணியில் மனைவியின் ஊர்ப்பக்கம் குறைந்த வாடகையில் வீடு பார்த்துப் போவதாக எழுதிக் கொடுத்திருக்கிறார். மூன்றையும் ஒரே தாளில் எழுதிக் கையெழுத்தும் ஆயிற்று. கரண்ட் பில்லை நாங்கள் கட்டி அதே தாளில் சேர்த்துவிட்டோம்.

இன்னும் இரண்டு கேள்வி. காலி செய்யும்போது பெயின்ட் அடிக்க ஒரு மாத வாடகையைப் பிடிப்பது எங்கள் தெருவில் வழக்கம். பிடிக்கலாமா? அடுத்து வருகிறவர்களிடம் எவ்வளவு அட்வான்ஸ் வாங்கலாம்?

வக்கீல்_ஆபீஸ்_குமாஸ்தா:
வெள்ளையடிப்பு வீட்டுக்காரர் கணக்கு என்று அட்டவணை சொல்கிறது, பிடிக்காதீர்கள். சுவரில் ஓட்டை, உடைந்த கண்ணாடி என்று அவர்களால் ஆன சேதம் இருந்தால் போட்டோ எடுத்து, காட்டி, அதை மட்டும் கழியுங்கள். மிச்ச அட்வான்ஸைக் காலி செய்த ஒரு மாதத்துக்குள் கொடுத்துவிட வேண்டும். புதியவர்களிடம் வேறுவிதமாக ஒப்பந்தம் செய்துகொள்ளாத வரை மூன்று மாத வாடகைக்கு மேல் அட்வான்ஸ் கூடாது, உங்களுக்கு அது 27,000. ஒப்பந்தம் எழுதிய கையோடு பதிவையும் முடித்துவிடுங்கள், இருவரின் போட்டோவும் அடையாள அட்டைகளும் கையில் இருக்கட்டும்.

மூன்று_போர்ஷன்_சொந்தக்காரர்:
சாவி வாங்கும் அன்று மீட்டர் ரீடிங்கைப் போட்டோ எடுக்க மறக்காதீர்கள் அம்மா. பில் இரண்டு மாதத்துக்கு ஒருமுறை வருவதால், அவர்கள் போன பிறகு வரும் பில்லில் யாருக்கு எத்தனை யூனிட் என்பது அதை வைத்துத்தான் பிரிக்க முடியும்.