பனங்கிழங்கைக் காட்டுப்பன்றி தோண்டித் தின்கிறது, வழி சொல்லுங்கள்

வணக்கம். அம்பாசமுத்திரம் பக்கம் ஒரு பள்ளியில் சாரணியர் படைக்கு நான் பொறுப்பாசிரியை. பிள்ளைகள் 22 பேர், எல்லாரும் எட்டாவது, ஒன்பதாவது. சேவைத் திட்டமாக ஊர்க் குளக்கரையில் பனை விதைக்கலாம் என்று முடிவெடுத்ததே அவர்கள்தான்.

புரட்டாசியில் 10 அடிக்கு ஒன்றாக 300 விதை ஊன்றினார்கள். அத்தனையும் அவர்களே பனைமரத்தடியில் பொறுக்கியவை. ஐப்பசி, கார்த்திகை மழை நன்றாகக் கிடைத்தது, முளைப்பில் குறையில்லை. தை பிறந்த பிறகுதான் பிரச்சினை. மலையடிவாரம் என்பதால் ராத்திரியில் காட்டுப்பன்றி இறங்கி, கரையைக் கிண்டிக் கிழங்கைத் தின்றுவிடுகிறது. போன சனிக்கிழமை எண்ணினோம், 110 குழி காலி. ஒரு பிள்ளை வெறும் கொட்டையை எடுத்து, அதில் ஒட்டியிருந்த விரற்கடை துண்டைக் காட்டி, "இதைத் திரும்ப ஊன்றினா வருமா டீச்சர்?" என்று கேட்டாள். எனக்குப் பதில் சொல்ல முடியவில்லை.

உடைமுள் வெட்டிப் போட்டோம், முட்டித் தள்ளிவிட்டது. பழைய சேலைகளை வேலியாகக் கட்டினோம், நாலு நாள் தாங்கியது. மிளகாய்த்தூள் தூவினோம், பனியிலேயே கரைந்துபோனது. நேரடி மின்சாரம் பாய்ச்சும் வேலி, வெடி என்று யாரும் சொல்ல வேண்டாம். அது குற்றம், அப்புறம் ஆடு மாடும் பிள்ளைகளும் நடக்கிற கரை அது. ராத்திரிக் காவலுக்குப் பிள்ளைகளை அனுப்பவும் மாட்டேன்.

இன்னும் 190 கிழங்கு மண்ணுக்குள் இருக்கிறது. குருத்தோலை வெளியே வரும்வரை, ஒரு கிலோமீட்டர் கரையில் குறைந்த செலவில் பன்றியை அண்டவிடாமல் வைக்க, உங்கள் வயலில் பலித்த வழி எது?