ஐஸ்கிரீம் மேல ஊத்துனதும் கெட்டியாகி உடையுற சாக்லேட்: வீட்டுல செய்யறது எப்படீங்க?

கோவைக்கிளி:
வணக்கமுங்க. ஞாயித்துக்கிழமை பையனுக்குப் பொறந்தநாள். சாக்கோபார் கடிக்கறப்ப மேல இருக்கற சாக்லேட் 'டப்'புன்னு உடையுமில்லீங்களா, அதே மாதிரி கப் ஐஸ்கிரீம்லயும் வேணுமுன்னு ஒரே பிடிவாதம். மில்க் சாக்லேட்டை உருக்கி ஊத்திப் பார்த்தேனுங்க. கெட்டியாகுது, ஆனா தடிமனாப் போயிருது. பல்லுல அப்புது, ஸ்பூனை வெச்சு அமுக்குனா ஐஸ்கிரீம்தான் நசுங்குது. தளர்த்தலாமுன்னு ரெண்டு ஸ்பூன் பால் விட்டதுக்கு மொத்தமும் திரிதிரியாத் திரண்டுக்கிச்சு. தேங்காய் எண்ணெய் கலக்கணும்னு தங்கச்சி சொல்றா. எண்ணெய் ஊத்துனா எப்படீங்க கெட்டியாகும்? அதுவுமில்லாம எங்க வீட்ல தேங்காய் எண்ணெய் தலைக்கு மட்டும்தானுங்க!

குமரிக்கரை:
தங்கச்சி சொன்னது சரிதான் மக்களே. நான் நாகர்கோவில் பக்கம் கல்யாண வீடுகள்ல ஐஸ்கிரீம் கவுண்டர் போடுறவ, இந்தச் சாக்லேட்டோடதான் எனக்குப் பொழப்பு.

எண்ணெய் கெட்டியாக்குறதுக்கு இல்ல. அந்தக் குளிருக்கு சாக்லேட் தானாவே கெட்டியாகும், நீங்களே பாத்துட்டீங்களே. சாக்லேட்டுல இருக்க கொழுப்புக்குப் பேரு கொக்கோ வெண்ணெய், அது உருகணும்னா 34 டிகிரி கிட்ட சூடு வேணும். ஐஸ்கிரீம் தின்னுக்கிட்டிருக்க வாய்ல அந்தச் சூடு எங்க இருக்கு? அதான் மென்னுக்கிட்டே கெடக்கோம், ருசி நாக்குல ஏற மாட்டேங்கு. தேங்காய் எண்ணெய் 24 டிகிரியிலயே இளகிரும். மார்கழிக் காலைல ஒங்க ஊர்ல பாட்டிலோட உறைஞ்சு நிக்கும்லா, உள்ளங்கைல தேய்ச்சதும் உருகுதுல்ல? வாய்க்குள்ளயும் அதே வேலைதான் நடக்கு. இன்னொண்ணு, கொக்கோ வெண்ணெயும் தேங்காய் எண்ணெயும் ஒண்ணுக்கொண்ணு ஒத்துப்போகாது. ரெண்டும் கலந்தா ரெண்டையும்விட இளக்கமாயிரும். சாக்லேட் பார் செய்யிறவங்களுக்கு அது தலைவலி, நமக்கு அதுதான் வேணும். எண்ணெய் சேந்தா சாக்லேட் தண்ணியா ஓடும், மெல்லிசாப் படியும். மெல்லிசாப் படிஞ்சாத்தான் உடையும்.

100 கிராம் டார்க் சாக்லேட்டுக்கு 2 டேபிள்ஸ்பூன் எண்ணெய், அதாவது 25 கிராம் சொச்சம். மில்க் சாக்லேட்ல பால் கொழுப்பு இருக்கதால மேல படியுற சாக்லேட் ஓடு கொஞ்சம் தொளதொளன்னுதான் வரும். பிள்ளைங்களுக்குக் கசப்பு ஆகாதுன்னா பாதி மில்க், பாதி டார்க் போடுங்க. பேக்கிங் சாமான் கடைல 'காம்பவுண்ட்'னு கட்டியா விக்கிறது வேற சாதி. அதுல கொக்கோ வெண்ணெய்க்குப் பதிலா ஏற்கெனவே வனஸ்பதிக் கொழுப்புதான் இருக்கும், 1 ஸ்பூன் எண்ணெய் போதும். விலை கம்மி, ருசியும் கம்மி. பொறந்தநாளுக்கு நான்னா அத வாங்க மாட்டேன்.

தலைக்குத் தேய்க்கிறதுல மல்லிகை வாசனை, மூலிகைன்னு கலந்திருந்தா அடுப்படிப் பக்கமே கொண்டு வராதீங்க. லேபிள்ல சமையல் எண்ணெய்னு போட்டிருக்கணும். செக்கெண்ணெய்ல தேங்கா வாசம் தூக்கலா இருக்கும். சிப்ஸ் பொரிச்சே வளந்த எங்களுக்கு அது பெருசாத் தெரியாது, கோயம்புத்தூர்ப் பிள்ளைங்க மூக்கச் சுளிக்கும். ரீஃபைண்டு வாங்கிக்கிடுங்க. கடலெண்ணெய், நல்லெண்ணெய் எல்லாம் சாக்லேட்டத் தளர்த்தும், ஆனா ஓடு உடையாது, வளையும். வெண்ணெய் வேண்டவே வேண்டாம், அதுல நூத்துக்கு 16 பங்கு தண்ணி.

ஒங்க சாக்லேட் திரண்டதும் தண்ணியாலதான். பால்ல இருக்க ஈரத்துல சாக்லேட்டுல உள்ள சர்க்கரை ஒட்டிக்கிடும். கொட்டிராதீங்க. இன்னும் கொஞ்சம் சூடான பால் விட்டுக் கலக்குனா நல்ல சாஸ் ஆயிரும், தோசைக்குள்ள தடவிக் குடுத்தா அரை நிமிசத்துல காலி. ஓடுக்கு மட்டும் அது ஆகாது. அதனால பாத்திரம், கரண்டி எல்லாம் காய்ஞ்சிருக்கணும். சட்டில தண்ணிய சூடாக்கி அடுப்ப அணைச்சிருங்க, அதுமேல கிண்ணத்த வச்சு உருக்குங்க. தண்ணி தளதளன்னு கொதிச்சா ஆவி உள்ள எறங்கிரும்.

ஊத்தும்போது கை பொறுக்குற எளஞ்சூடுதான் இருக்கணும். இதவிட முக்கியம் ஐஸ்கிரீம். முந்தின ராத்திரியே கப்புல போட்டு ஃப்ரீஸர்ல இறுக விட்டுருங்க. வெளிய எடுத்து மேல ஈரம் கட்டிட்டுன்னா சாக்லேட் ஒட்டாம வழுக்கிட்டு ஓடும். ஒத்தக் கதவு ஃப்ரிட்ஜ்னா குளிரக் கடைசி நம்பர்ல வையுங்க. ஒரு கப்புக்கு ஒரு ஸ்பூன், அதுக்கு மேல ஊத்துனா பழையபடி பலகையாயிரும். மேல தூவணும்னா ஊத்துன கையோட தூவணும், பத்துப் பதினஞ்சு செகண்டுல இறுகிரும். கோவில்பட்டி கடலைமிட்டாய இடிச்சுத் தூவிப் பாருங்க.

பனிநாடு:
அக்கா சொன்னது முழுக்கச் சரி. நான் டொராண்டோவில இருக்கிறன். இஞ்ச உள்ளவைக்கு ஒரு விசயம்: வீட்டுக்குள்ள 20 டிகிரிதான், செய்து போத்தல்ல விட்டா அடுத்த நாள் கல்லாக் கிடக்கும். பழுதாப் போட்டுதெண்டு நினைச்சு எறிஞ்சு போடாதேங்கோ, போத்தலைக் கொஞ்ச நேரம் சுடுதண்ணிக்குள்ள வைச்சா இளகி வரும். இஞ்சத்தைக் கடையில இதே மாதிரி ஐஸ்கிரீம் மேல ஊத்த எண்டு போத்தல்ல விக்கிற 'மேஜிக் ஷெல்'லிலயும் தேங்காயெண்ணெய்தான் இருக்கு. ஊத்துற பதம் மாறாமல் இருக்க சூரியகாந்தி எண்ணெயும் சேர்த்திருக்கினம்.

மாடிவீடு:
சாக்லேட் இல்லாம வெறும் கோகோ பவுடர்ல வருமா? வீட்ல ஒரு டப்பா சும்மா கிடக்கு.

குமரிக்கரை:
வரும். அரை கப் எண்ணெய், அரை கப் கோகோ, கால் கப் சர்க்கரை. சர்க்கரை எண்ணெய்ல கரையாது, அதனால மிக்ஸில நைசாப் பொடிச்சு, சலிச்சுப் போடுங்க, இல்லன்னா நறநறங்கும். வெல்லப்பாகு, தேன்னு ஆரம்பிக்காதீங்க, அதுலயும் தண்ணிதான். இந்த ஓடு ரொம்ப மெல்லிசு, சீக்கிரம் இளகிரும். கறுப்பா, லேசான கசப்போட பெரியவங்களுக்குப் புடிக்கும்.

கோவைக்கிளி:
ரொம்ப நன்றிங்கக்கா! இன்னைக்கு ரீஃபைண்டு எண்ணெய் வாங்கிக் கொஞ்சமாச் செஞ்சு பார்த்தேன், நீங்க சொன்ன மாதிரியே சத்தத்தோட உடையுதுங்க. ஞாயித்துக்கிழமை இருபது பசங்க வருவாங்க. எவ்வளவு சாக்லேட் வாங்கட்டுங்க?

குமரிக்கரை:
100 கிராமுக்கு ஏழெட்டு ஸ்பூன் தேறும். 300 வாங்குங்க, எண்ணெய் 6 ஸ்பூன். பரிமாறி முடியிற வரைக்கும் கிண்ணம் வெதுவெதுப்பான தண்ணிக்குள்ளயே இருக்கட்டும், ஓரம் தண்ணி தெறிக்காமப் பாத்துக்கிடுங்க. மிச்சம் விழுந்தா நேந்திரம்பழத்த நறுக்கி, குச்சி குத்தி, ஃப்ரீஸர்ல இறுக வச்சு அதுல முக்கி எடுங்க.