புதுப்பிப்பு: சவூதியிடம் தோற்ற பிறகு அர்ஜென்டினா

2022 கால்பந்து உலகக் கோப்பையில் சவூதி அரேபியாவிடம் அர்ஜென்டினா 1-2 எனத் தோற்ற அன்று, "நடுக்களத்தில் வேகமே இல்லை, ஆட்களை மாற்றியே ஆக வேண்டும்" என்று இந்த இழையில் புலம்பியிருந்தேன். கடைசியில் கோப்பையே கைக்கு வந்துவிட்டது!

பயிற்சியாளர் ஸ்கலோனி பிடிவாதம் பிடிக்கவில்லை. என்சோ பெர்னாண்டஸ், மக் அலிஸ்டர், ஹூலியன் அல்வாரெஸ் மூவரும் முதல் பதினொருவருக்குள் வந்ததும் பந்து வேகமாக நகர ஆரம்பித்தது.

ஆனால் எனக்குப் பிடித்த முடிவு, இறுதிப்போட்டியில் டி மரியாவை இடப்பக்கம் நிறுத்தியதுதான். எதிரே பிரான்சின் டெம்பெலே, தற்காப்பு அவருக்குக் கைவந்த கலை அல்ல. அவரைத் தாண்டி உள்ளே புகுந்த டி மரியா பெனால்டி வாங்கிக் கொடுத்தார், 36ஆவது நிமிடத்தில் கோலும் அடித்தார். 41ஆவது நிமிடத்திலேயே டெம்பெலேயை பிரான்ஸ் வெளியே எடுத்துவிட்டது.

சரி, குறையும் உண்டு. 64ஆவது நிமிடத்தில் டி மரியாவை ஏன் எடுத்தார்கள்? அப்புறம் அணி பின்வாங்கியது, பிரான்சின் எம்பாப்பே அடுத்தடுத்து இரண்டு கோல் போட்டார். காலிறுதியில் நெதர்லாந்திடமும் இதே கதைதான்: 2-0 முன்னிலை 2-2 ஆனது. இரண்டு முறையும் ஆட்டம் சமனாகி பெனால்டி ஷூட்அவுட்டுக்குப் போனபோது காப்பாற்றியவர் கோல்கீப்பர் எமிலியானோ மார்ட்டினெஸ்.